ஐந்தாவது ஒயர்

அப்பா உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் "இருந்தார்", "செய்வார்" என்றே கை போகிறது. படிப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது பக்கத்து அறையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு தோல் பை.

அந்தப் பையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரே சர்வீஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம். புது லிஃப்ட் மாட்டுவது அவர் வேலை இல்லை. மாட்டியதைப் பராமரிப்பது, நின்றுபோனதை ஓடவைப்பது. லிஃப்ட் ஓடும்வரை அந்தக் கட்டடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் எட்டு மாடிக்காரர்களும் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே அவரைத் திட்டுவார்கள். திட்டினால் சிரிப்பார். "ஓடாதப்பதான் நம்ம நினைப்பே வருது" என்பார்.

லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு மாடியிலும் கதவில் சின்னதாக ஒரு மின்தொடர்பு இருக்கும். எல்லாக் கதவும் மூடியிருந்தால்தான் மின்சாரம் அவற்றின் வழியாக ஓடி, உச்சியில் மெஷின் ரூமில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியைச் சேரும். ஒரு கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் அசையாது. பழுது பார்க்கும்போது சில நேரம் இந்தப் பாதுகாப்பைத் தாண்டித்தான் லிஃப்டை நகர்த்த முடியும். அதற்கு, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு ஒயரைப் பெட்டிக்குள் மாட்டுவார்கள். கதவு திறந்தே கிடக்கும். பெட்டியோ மூடியிருப்பதாக நம்பிக்கொள்ளும்.

"அது லிஃப்டுக்கு நாம சொல்ற பொய்" என்பார் அப்பா. "வேலைக்காகச் சொல்ற பொய். வேலை முடிஞ்சதும் கழட்டிடணும்."

கழற்ற மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் வேறு மாடிக்குப் போய்விடும். போனைப் பார்த்துக்கொண்டே வரும் யாரோ ஒருவர், லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் காலை எடுத்து வைப்பார். கால் வைக்க அங்கே ஒன்றும் இருக்காது. அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முன் அவர் கம்பெனியில் ஒரு முறை அப்படி நடந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

அதனால் அவரிடம் ஐந்து ஒயர்கள். ஐந்தே ஐந்து. சிவப்பு நிறம், ஒரு முழ நீளம், கிளிப் சேரும் இடத்தில் நூல் சுற்றி அவரே செய்தவை. அவற்றுக்கென்று ஒரு தோல் பை. பையின் மூடியில் வெள்ளைப் பெயின்டால் 5 என்று எழுதியிருக்கும். கன்ட்ரோல் பெட்டியை மூடுவதற்கு முன் வாய்விட்டு எண்ண வேண்டும். ஐந்து வந்தால்தான் லிஃப்ட் ஓடும். அடுத்தவர் எண்ணிச் சொன்னால் ஏற்க மாட்டார். அவரோடு பதினான்கு வருடம் ஜோடியாக வேலை பார்த்தவரை அப்பா "ஒட்டடைக்குச்சி" என்பார், சுருக்கமாகக் குச்சி. உயரமும் ஒல்லியுமான நாற்பது வயது மனிதர். "அஞ்சும் இருக்கு அண்ணே, நான் எண்ணிட்டேன்" என்று குச்சி சொன்னால், "சந்தோஷம். இங்க குடு" என்று வாங்கி மறுபடி எண்ணுவார். கடைசியில் பையின் பட்டனை அழுத்துவார். டக். ஒரு வேலை முடிந்ததற்கு அதுதான் சத்தம்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். ஒரு தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை. அழுத்தம் காட்டும் கருவிகள், வெப்பம் காட்டும் கருவிகள் வரும். ஒவ்வொன்றும் உள்ளதைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று கண்டுபிடித்து, சீட்டு ஒட்டி அனுப்புவேன். எந்தக் கருவியும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது. எங்கள் அறையில் இது முதல் பாடம்.

அப்பா அதைச் செய்தார். கொஞ்ச காலம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். அதற்கு முன் ஒரு தடவைகூட வந்ததில்லை. காவலாளி அறைக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, கம்பெனிச் சட்டையோடு நின்றார்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது...?"

"உங்கம்மாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. எனக்குத்தான். மண்டைக்குள்ள ஒரு பழுது."

"தலைவலியா?"

"வலிச்சாத் தேவலையே. இது விட்டு விட்டு வர்ற பழுது."

மெக்கானிக்குகள் மிகவும் பயப்படுவது அந்த வகைப் பழுதுக்குத்தான். ஆள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். திரும்பி வந்து வண்டியை நிறுத்தினால் போன் அடிக்கும்.

சொன்னார். மெஷின் ரூமில் ஸ்பேனரோடு நின்றிருக்கிறார். நட்டைக் கழற்ற வந்தோமா, இறுக்க வந்தோமா என்று தெரியவில்லை. ஒரு நாள் ஸ்பேனர் என்ற சொல்லே வரவில்லை. "அந்தத் திருகுறதைக் குடுடா" என்றதற்குக் குச்சி சிரித்திருக்கிறார். இருபது வருடமாகப் போய்வரும் கட்டடத்தில் மொட்டை மாடிக்குப் போகும் படியைத் தேடியிருக்கிறார்.

"எத்தனை தடவை இப்படி?"

"நாலு மாசத்துல பதினொன்னு. எனக்குத் தெரிஞ்சு பதினொன்னு. தெரியாதது எத்தனைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது உன் வேலைதானே, அதான் வந்தேன்."

தூக்கம் போதவில்லை என்றேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், வைட்டமின் என்று அடுக்கினேன். ஐம்பத்தாறு வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை என்றேன்.

"வேலையை விட்டுடலாமான்னு பார்க்கிறேன்."

"சும்மா இருங்கப்பா. வீட்டுல உட்கார்ந்தா இல்லாத நோயெல்லாம் வரும்."

அவர் தலையாட்டினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். சொன்னது நான்தான். இன்றைக்கும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்கப்பாவுக்கு மறதி இன்னிக்கு நேத்தா வந்தது? கல்யாணமாகி மறுவாரமே என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுத் தனியா வீட்டுக்கு வந்த மனுஷன். அந்த வீணாப்போன ஒயரை மட்டும் ஒன்பது தடவை எண்ணத் தெரியுது." பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "டாக்டரைப் பார்க்கணுமா?"

பார்த்தோம். நரம்பு மருத்துவர், நிதானமான பெண்மணி. கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். குடை, ஊசி, மாம்பழம், பாலம், சீப்பு. அப்பா ஐந்தையும் வரிசை மாறாமல் சொன்னார். மருத்துவர் சிரித்தார். "என்னைவிட நல்லா இருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

படி இறங்கும்போது அப்பா நின்றுவிட்டார்.

"நான் பாஸ் பண்ணலை. காப்பி அடிச்சேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒவ்வொன்னையும் ஒரு மாடியில வெச்சேன். கீழ்த்தளத்துல குடை. ஒன்னாவது மாடியில ஊசி. லிஃப்டை மேல ஓட்டிக்கிட்டே படிச்சேன். மாடியெல்லாம் எனக்கு மறக்காது. சொல்லு மட்டும்னா ரெண்டுகூட வந்திருக்காது." திரும்பி மேலே பார்த்தார். "போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். தப்பான அளவு எழுதிக்கிட்டாங்க."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "பாஸ்னா பாஸ்தான். வாங்க, டீ குடிக்கலாம்."

தவறான அளவு என்று தெரிந்தே ஒட்டுச்சீட்டு ஒட்டினால் எங்கள் அறையில் வேலை போய்விடும். அன்றைக்கு நான் ஒட்டினேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, அப்பாவிடமிருந்து போன். "கிளம்பி வா. வண்டியை எடுத்துட்டு வா." நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் போனேன்.

முன்னறைத் தரையில் கருவிப் பையைக் கொட்டியிருந்தார். செய்தித்தாளின் மேல் சிவப்பு ஒயர்கள் நேராக, இடைவெளி விட்டு, வரிசையாக இருந்தன. அம்மா துடைப்பத்தோடு சுவரோரம் நின்றாள். சோபாவுக்கு அடியிலெல்லாம் பார்த்து முடித்திருந்தாள்.

"எண்ணு" என்றார் அப்பா.

"நாலு."

"திரும்ப எண்ணு."

"நாலுதாம்ப்பா."

தோல் பையை என் பக்கம் திருப்பி, அந்த 5-ஐக் காட்டினார். "காலையில மூணு இடம் போனேன். குச்சி லீவு, தனியாத்தான் போனேன். ஒரு ஆபீஸ். ஒரு அப்பார்ட்மென்ட். மூணாவது..." வேலைத்தாளைப் பார்த்தார். "கண் ஆஸ்பத்திரின்னு எழுதியிருக்கு. என் கையெழுத்துதான். போனதே ஞாபகமில்லை."

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு வர்றவங்க ஏறுற லிஃப்டும்மா அது" என்றார்.

குச்சியைக் கூப்பிட்டேன். ஊரிலிருந்து திரும்பும் வழியில் இருந்திருக்கிறார், போன் அணைந்திருந்தது. அப்பா தன் போனை எடுத்தார். கம்பெனிக்கு என்று புரிந்தது. நான் அவர் கையை மூடினேன்.

"இப்ப யாருக்கும் சொல்ல வேண்டாம்ப்பா. நாமளே போய் எடுத்துட்டு வந்துடலாம். இருபது நிமிஷம். யாருக்கும் தெரியவே வேண்டாம்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பது போல இருந்தது. "இருபது நிமிஷத்துல அந்த லிஃப்ட் எத்தனை தடவை ஏறி இறங்கும்? கணக்குப் போட்டுச் சொல்லேன்."

கையை எடுத்தேன். மேனேஜரிடம் அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், மூணு லிஃப்டை உடனே நிறுத்தச் சொல்லுங்க. இன்னைக்கு நான் போன மூணும். ஒரு ஒயரை விட்டுட்டேன். எதுலன்னு ஞாபகமில்லை. ஆமா சார். ஞாபகமில்லைன்னுதான் சொல்றேன். எழுதிக்குங்க."

முப்பத்திரண்டு வருட வேலை அந்த இடத்தில் முடிந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "செருப்பு எங்க?" என்றார். காலில் போட்டிருந்தார்.

முதலில் கண் ஆஸ்பத்திரி. லிஃப்டை நிறுத்திப் பலகை வைத்திருந்தார்கள். ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிய மூதாட்டி ஒருவரை மகன் படியில் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தான். அப்பாவின் சட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் அந்த அம்மா நின்றார்.

"ஏன்ப்பா, கண்ணு தெரியாதவங்க வர்ற இடத்துல லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"தப்புதாம்மா" என்றார் அப்பா. "பார்த்து ஏறுங்க."

மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். ஒயர் இல்லை. டார்ச்சை என்னிடம் கொடுத்தார். "நீ பாரு. நான் பார்த்தது போதாது." அடுத்தவர் எண்ணியதை வாழ்நாளில் ஏற்காதவர் சொன்னார். பார்த்தேன். இல்லை.

ஆபீஸ் கட்டடத்தில் இல்லை. அப்பார்ட்மென்டில், கையில் காய்கறிப் பையோடு ஒருவர், "மாசம் ஒரு தடவை நிறுத்தலைன்னா உங்களுக்கெல்லாம் சாப்பாடு இறங்காதா?" என்று கேட்டார். அங்கேயும் இல்லை. அப்பா மறுபடி கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். மறுபடி பார்த்தோம். இல்லாத ஒயர் எந்த லிஃப்டையும் ஆபத்தாக்காது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழவில்லை. "அப்ப நாலாவதா ஒரு இடம் போயிருக்கேன். அது எதுன்னு தெரியலை" என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

ஆறு மணிக்குக் குச்சி கூப்பிட்டார். மெஷின் ரூமுக்கு வெளியே படிக்கட்டில் நின்று, அப்பாவுக்கும் கேட்கும்படி போனை வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன பாப்பா குழப்புறே? நாலுதானே இருக்கணும்?"

"அஞ்சுடா" என்றார் அப்பா.

"அண்ணே, நீங்கதானே ஒன்னை வெட்டிப் போட்டீங்க? ரெண்டு மாசம் இருக்கும். அந்த காலேஜ் மொட்டை மாடியில. அஞ்சு எண்ணும்போது மூணாவதுல வழுக்குதுடா குச்சி, நாலுன்னா இந்தக் கையில ரெண்டு அந்தக் கையில ரெண்டு, எண்ணவே வேண்டாம், பார்த்தாலே தெரியும்னு சொன்னீங்களே. நல்ல ஒயராச்சே, எனக்குக் குடுங்கன்னுகூடக் கேட்டேன். உன்கிட்ட இருந்தா திரும்ப வாங்கிப்பேன்டான்னு சொல்லிட்டு, என் கட்டிங் பிளேயரை வாங்கித் துண்டு துண்டா வெட்டினீங்க. அதுல இருந்து தினமும் நாலுதான் எண்ணிட்டிருந்தோம். அண்ணே? அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

அப்பா பையைத் திருப்பி மூடியைப் பார்த்தார். வெள்ளைப் பெயின்ட். 5.

"லேபிளை மாத்தலை" என்றார்.

குரலில் ஒரு நிம்மதி இருந்தது. காரணம் கிடைத்துவிட்ட மெக்கானிக்கின் நிம்மதி. இரண்டு, மூன்று நொடி இருந்திருக்கும். அப்புறம் படியில் உட்கார்ந்தார்.

"மறந்துடக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். அந்த ஏற்பாட்டையே மறந்துட்டேன்." என் முகத்தைப் பார்த்தார். "இனிமே எது பண்ணினாலும் இதேதானேம்மா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழு மணிக்குள் மூன்று லிஃப்டும் ஓடின. கண் ஆஸ்பத்திரி மூதாட்டி திரும்பும்போது லிஃப்டில் இறங்கியிருப்பார்.

திங்கட்கிழமை மருத்துவரிடம் போனோம். மாடிகளின் விஷயத்தை அப்பாவே முதலில் சொன்னார். மருத்துவர் புதிதாக ஐந்து சொற்கள் கொடுத்து, மாடியில் வைக்காமல் சொல்லச் சொன்னார். அப்பா கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். இரண்டு வந்தது. "இதுதான் சரியான அளவு. இதை எழுதிக்குங்க" என்றார். பிறகு ஸ்கேன், ரத்தம், மற்றவை. ஆரம்ப நிலை என்றார்கள். ஆரம்பம் என்ற சொல்லை அதற்கு முன் அவ்வளவு வெறுத்ததில்லை.

மருத்துவர் ஆறுதலாகச் சொன்னது இது: "இப்பத்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டம். மறக்குறோம்னு தெரியுதில்லையா. கொஞ்ச காலம் போனா, மறக்குறதே அவருக்குத் தெரியாது. ஒரு விதத்துல நிம்மதி."

"அப்ப எண்ண மாட்டேனா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா.

மருத்துவருக்குப் புரியவில்லை. கணக்கு வழக்கைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது.

கம்பெனியில் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒயர் பை அவருடைய சொந்தம், வீட்டுக்கு வந்தது. வேலை நின்ற பிறகு பழுது வேகமாக வளர்ந்தது. தினமும் ஒரு தடவை, பெரும்பாலும் காலையில், பையைத் திறந்து எண்ணுவார். நாலு. மூடியைப் பார்ப்பார். முகம் வெளிறும். "அஞ்சாவது எங்க? எந்த லிஃப்டுல விட்டேன்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். அம்மா குறுக்கே நின்று சண்டை போடுவாள். பிறகு உட்கார வைத்துச் சொல்வாள். கேட்டதும் அழுவார்.

அந்த 5-ஐ அழித்துவிடலாம் என்றேன், அவர் தெளிவாக இருந்த ஒரு மதியத்தில். "அழிச்சா நான் பண்ணின தப்பு எனக்கே தெரியாமப் போயிடும்" என்றார். விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏண்டி, இவ்வளவு படிச்சிருக்கே. ஒரு ஒயர்தானே? நீ ஒன்னு செஞ்சு உள்ள போட்டுடு. அஞ்சுன்னு எண்ணிட்டு மனுஷன் நிம்மதியா இருக்கட்டும். என்னால தினமும் அந்த மூஞ்சியைப் பார்க்க முடியலை."

செய்தேன். அதே சிவப்பு, அதே முழ நீளம், அதே வகைக் கிளிப். நூல் சுற்றி, புதிதாகத் தெரியாமலிருக்க மண்ணில் தேய்த்து, பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலையில் எண்ணினார். ஐந்து வந்தது. அம்மா மூச்சு விட்டாள். அவர் பட்டனை அழுத்தவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாக விரலில் ஓட்டிப் பார்த்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என் கை இல்லை. நூலை இடப்பக்கமா சுத்தியிருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதானே?"

"ஆமாப்பா."

"நான் எதையோ வெட்டினேன். இல்லையா? குச்சி சொன்னான்."

"ஆமா."

ஒயரை என் முன் பிடித்தார். "இது எதுக்குன்னு உனக்குத் தெரியும். கதவு திறந்திருக்கும்போது மூடியிருக்குன்னு சொல்றதுக்கு. அதை எனக்கே மாட்டுறியா?"

"அம்மாவால பார்க்க முடியலைப்பா. நீங்க தினமும் அழறீங்க."

"அழுதுட்டுப் போறேன். அழறவன் நான்தானே? அழலைன்னா அது யாரு?" ஒயரை என் கையில் வைத்து மூடினார். "கேட்கும்போதெல்லாம் உள்ளதைச் சொல்லு. நூறு தடவை கேட்டாலும் சொல்லு. எனக்குத் தெரியாமப் போற அன்னைக்கு உனக்குத் தெரியும். அதுவரைக்கும் என்னை ஏமாத்தாதே."

"சரிப்பா."

"உங்கம்மா சொல்ல மாட்டா. அவ இளகின மனசு. நீதான் என்னை மாதிரி."

பாராட்டுதான். அதன்பின் அதிகமாக வலித்தது அதுதான்.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். அம்மா சமையலறைக்குப் போய்விடுவாள்; குழாயைத் திறந்துவிடுவாள். அவர் கேட்பார். நான் சொல்வேன்: "நீங்களே வெட்டிட்டீங்கப்பா. நாலுதான் இருக்கணும். லேபிளை மாத்தலை. யாருக்கும் ஒன்னும் ஆகலை." வாக்கியங்களின் வரிசையை மாற்றிப் பார்த்தேன். "யாருக்கும் ஒன்னும் ஆகலை" என்பதை முதலில் வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் அதே இடத்தில்தான் முகம் மாறும். முதலில் அந்தச் சின்ன நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. பிறகு அந்தக் காரணத்துக்குக் காரணம் என்ன என்று அவரே கண்டுபிடிப்பார். எனக்கு அது பழைய செய்தி. அவருக்கு ஒவ்வொரு நாளும் முதல் தடவை.

எண்ணி வைத்திருக்கிறேன். தொழில் பழக்கம். எழுபத்தெட்டு தடவை சொன்னேன். இருபதாவது தடவை வரைக்கும் தவறாமல், "இனிமே எது பண்ணினாலும் இதேதானேம்மா?" என்று கேட்டார். பிறகு எப்போதாவது கேட்டார்; ஐம்பதுக்குப் பக்கத்தில் அந்தக் கேள்வி அடியோடு நின்றது. அழுகை மட்டும் வந்தது. அறுபதுக்கு மேல், அழும்போது ஏன் அழுகிறார் என்று பாதியில் அவருக்கே தெரியாமல் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அப்போதும் சொன்னேன். சரி என்று சொல்லியிருந்தேனே.

குச்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து உட்காருவார். ஏதாவது ஒரு லிஃப்டைப் பற்றிப் பேசுவார். "நீங்க இல்லாம அந்தக் காலேஜ் லிஃப்ட் என்னை மதிக்கவே மாட்டேங்குது அண்ணே" என்பார். அப்பா, "அதுக்கு நாலாவது மாடிக் கதவுல எப்பவும் கொழுப்பு" என்பார். மாடிகள் இன்னும் மறக்கவில்லை. குச்சி வாசலுக்கு வந்ததும் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நிற்பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. நான் உள்ளே நுழையும்போது அப்பா ஜன்னலோரம் இருந்தார். பை மடியில் மூடியபடி இருந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் என் அறையில் ஒரு கருவியில் பிழை விட்டிருந்தேன். மூன்று மணி நேரம் நின்று திருத்தினேன். களைப்பாக இருந்தது. காரணம் என்று இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"அஞ்சும் இருக்கா?" என்று கேட்டார்.

எழுபத்தொன்பதாவது தடவை. வாயைத் திறந்தேன். அந்த நாலு வாக்கியங்களும் வரிசையாக நாக்கில் இருந்தன.

"இருக்குப்பா. அஞ்சும் இருக்கு."

காத்திருந்தேன். கருவியில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு, முள் அசையும் என்று பார்த்து நிற்பது போல நின்றேன். இப்போது பையைத் திறப்பார். "சந்தோஷம். இங்க குடு" என்பார். எண்ணுவார். நாலு என்று கண்டுபிடித்து என்னைத் திட்டுவார். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடவுள் நம்பிக்கை எனக்குக் கிடையாது.

"சரி" என்றார் அப்பா. ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். முகம் அமைதியாக இருந்தது. மருத்துவர் சொன்ன அந்த நிம்மதி.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்ப்பா."

அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து அறை வாசலில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு அழவில்லை என்று தெரிந்ததும் அவள் முகமும் தெளிந்தது. "என்னடி, இன்னிக்கு நல்லா இருக்காரே" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

எட்டே முக்கால் வரை நின்றேன். வேலைக்குத் தாமதமாகிவிட்டது. அவர் கை பையின் மேலேயே இருந்தது. பட்டன் போட்டபடி இருந்தது.